இரண்டு முனைகளும் நடுவில் கிடக்கும் பெடல்களும்

சென்னையில் கிட்டார் வாசிப்பவர்கள் ஸ்டூடியோவுக்குப் போய் வாசிப்பது குறைந்துகொண்டே வருகிறது. இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வரும். கூடவே ஒரு குரல் செய்தி: "அண்ணே, செகண்ட் பிஜிஎம்ல ஒரு டிஸ்டார்ஷன் லீட், சரணத்துக்கு க்ளீன் ரிதம். காலைல மிக்ஸ். கொஞ்சம் பாத்துக்கோங்க." விடிவதற்குள் ஃபைல் போய்ச் சேர வேண்டும். விருகம்பாக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் சின்ன அறைதான் என் ஒலிப்பதிவுக் கூடம். ஒரு சுவரில் பீரோ, இன்னொரு சுவரில் பையனின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், மூலையில் சுருட்டி வைத்த இலவம்பஞ்சு மெத்தை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டில் பதிவு செய்வது புதிய பழக்கமே இல்லை. 1948-இல் அமெரிக்காவில் லெஸ் பால் 'லவர்' என்ற பாட்டை வெளியிட்டார். அதில் கேட்கும் எட்டு கிட்டார் பாகங்களையும் அவரே வாசித்து, தன் வீட்டு கராஜில் டிஸ்க்கின்மேல் டிஸ்க்காகப் பதிவு செய்திருந்தார். சில பாகங்களைப் பாதி வேகத்தில் பதிந்து, பிறகு முழு வேகத்தில் ஓட்டியிருந்தார். டேப் மெஷின்கூட இன்னும் பரவலாகாத நேரம் அது. நம் ஊரில் 1992-இல் 'ரோஜா' வந்தபோது, அந்தச் சத்தம் கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு சேர்த்து அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன்னிலிருந்து வந்தது. ஆகவே "வீட்ல இருந்துதான பண்றேன், இவ்ளோதான் வரும்" என்ற சாக்கை நான் யாரிடமும் ஏற்பதில்லை.

கற்றுக்கொள்ள வரும் பையன்கள் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பெடல் சார் யூஸ் பண்றீங்க?" நான் திருப்பிக் கேட்பது, "ஸ்ட்ரிங் எப்ப மாத்தினே?" பதில் சொல்லத் திணறுவார்கள். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்து எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்றுதான். கிட்டாரின் ஒலி இரண்டு முனைகளில் தீர்மானமாகிறது. ஒரு முனை விரல், பிக், கம்பி. மறு முனை ஸ்பீக்கர், அதைக் கேட்கும் மைக், பாட்டுக்குள் அது உட்காரும் இடம். பேச்சும் பணமும் மொத்தமாகப் போய்ச் சேருவதோ நடுவில் இருக்கும் பெட்டிகளில்.

கம்பியிலிருந்து தொடங்குகிறேன். சென்னைக் காற்றில் உப்பும் ஈரமும் இருக்கின்றன. நம் கையில் வியர்வை இருக்கிறது. நிக்கல் பூசிய கம்பி இங்கே சீக்கிரம் செத்துப்போகும். முதலில் சாவது சுற்றுக்கம்பிகள் மூன்றும்தான். சுற்றுகளுக்கு நடுவே அழுக்கு ஏறியதும் மேல் ஸ்வரங்கள் மழுங்கும். அதன்பின் எந்த ஈக்யூவில் எத்தனை டெசிபல் ட்ரெபிள் ஏற்றினாலும் இரைச்சல்தான் ஏறும், இல்லாத ஒலி திரும்பி வராது. ரிதம் டிராக் என்றால் முந்தைய நாளே புதுக் கம்பி மாட்டி, இழுத்து இழுத்துப் பழக்கி வைத்துவிடுவேன். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைப்பேன். இது சோம்பேறித்தனம் பார்க்கக்கூடாத வேலை.

சுருதி அடுத்தது. டியூனர் பச்சை காட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பார்ப்பதில்லை. திறந்த கம்பியும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டும் ஒரே ஸ்வரத்தின் இரண்டு ஸ்தாயிகளாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிரிட்ஜில் சேடிலை முன்னேயோ பின்னேயோ நகர்த்த வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் டிராக் அபஸ்வரமாக வந்தால், காரணம் இடது கையின் பிடி. பதற்றத்தில் கம்பியை அழுத்தி நசுக்கினால் ஸ்வரம் ஏறிவிடும், கீழ்க்கம்பிகளில் இன்னும் அதிகமாக. மேடையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பதிவில் அது பாடகர் குரலோடு உரசும்.

வலது கையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். மெல்லிய பிக் 'டிக் டிக்' என்று தன் சத்தத்தைத்தான் கம்பிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். தடித்த பிக்கால் பிரிட்ஜிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி அடித்துப் பாருங்கள், பிறகு கழுத்துப் பக்கம் நகர்ந்து அடித்துப் பாருங்கள். எந்தக் குமிழையும் தொடாமலே இரண்டு வேறு கிட்டார்கள் கிடைக்கும். குயின் குழுவின் பிரையன் மே பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசித்தவர். அவருடைய கிட்டாரே அவரும் அவர் அப்பாவும் பழைய கணப்படுப்பு மரத்திலிருந்து வீட்டில் செய்தது. அந்தக் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜான் டீக்கன், குப்பையில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டைப் பொறுக்கி வந்து பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப் ஒன்று செய்தார். குயின் ரெக்கார்டுகளில் நாயன வரிசைபோல எழும் சில கிட்டார் அடுக்குகள் அதில் வாசித்தவை. விலைப்பட்டியலை வைத்து ஒலியை அளப்பவர்களிடம் நான் இந்த ஆம்பைப் பற்றிச் சொல்வதுண்டு.

இனி மின்சாரம். வீட்டில் பதிவு செய்கிறவர்களின் முதல் எதிரி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய முடிபோல் மெல்லிய செப்புக் கம்பியும்தான். அது ஸ்ட்ரிங்கின் அசைவை மட்டும் பிடிப்பதில்லை. அறையில் ஓடும் மின்சாரத்தையும் பிடிக்கிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. மேற்கத்திய ஸ்வரத்தில் சொன்னால் அது ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே எங்கோ நிற்கும் ஒரு சுருதி. எந்தப் பாட்டோடும் சேராத ஒரு தம்புரா நம் வீட்டுச் சுவருக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். 1955-இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களைக் காந்தத் துருவமும் சுற்றும் எதிரெதிராக இருக்கும்படி ஜோடி சேர்த்தார். கம்பியின் ஒலி கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். அதுதான் ஹம்பக்கர். ஆனால் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒற்றைச் சுருளில் வரும் மணிச்சத்தம் ஹம்பக்கரில் வராது. நம் சினிமாப் பாட்டின் க்ளீன் ரிதத்துக்கு எனக்குப் பெரும்பாலும் ஸ்ட்ராட்தான் வேண்டியிருக்கிறது. எனவே வீட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

முதல் குற்றவாளி ஃபேன் ரெகுலேட்டர். சுவிட்ச் போர்டில் வழுவழுவென்று சுழலும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் மின்னலையை நடுவில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டு ஒற்றைச் சுருள் பிக்கப்பில் 'ஜ்ஜ்ஜ்' என்று விழும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் இது பெரிதும் குறையும். ஆனால் முழு வேக ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் மைக்கில் காற்று. படிப்படியாக 'டக் டக்' என்று மாறும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் அலையை வெட்டுவதில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை மாற்றுங்கள். ஒரு புதுப் பெடலின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. மட்டமான எல்.இ.டி. பல்பும் இரையும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும் நேரம், அது சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால், கிட்டாரை உறையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதே மேல்.

லேப்டாப் சார்ஜர் இரண்டு முள் பிளக்காக இருந்தால் டேக் எடுக்கும் நேரத்தில் அதைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். கிட்டாரோடு கம்ப்யூட்டர் திரையைவிட்டுத் தள்ளி உட்காருங்கள். பிறகு நாற்காலியை மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று இறங்கும். பிக்கப்பின் சுருளுக்கும் அந்தக் காந்தப்புலத்துக்கும் உள்ள கோணம்தான் காரணம். என் அறையில் அந்தத் திசை வடமேற்கு. தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தவர் ஒருவர் அதை வாஸ்து என்று நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

எர்த் விஷயத்தில் மட்டும் வேடிக்கை வேண்டாம். பழைய கட்டடங்களில் மூன்று துளை பிளக் இருக்கும், அதன் எர்த் கம்பி சுவருக்குள் எங்கும் போய்ச் சேராமல் தொங்கும். கிட்டாரின் கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றால் உடனே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹம் போகிறதென்று பிளக்கின் எர்த் முள்ளை வெட்டச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கிட்டாரிலும் ஆம்பிலும் உள்ள உலோகத்தோடு உங்கள் கை எந்நேரமும் தொடர்பில் இருக்கிறது. அந்த முள் உங்கள் உயிருக்கானது.

கிட்டாரின் உள்குழியில் செப்பு டேப் ஒட்டுவதும் உதவும். ரிச்சி தெருவில் டேப், நல்ல ஜாக், கேபிள் எல்லாம் கிடைக்கும். சால்டரிங் தெரிந்தால் நம் கேபிளை நாமே செய்துகொள்ளலாம். கேபிள் நீளநீள அதன் கெப்பாசிட்டன்ஸ் கூடி ட்ரெபிள் குறையும். வீட்டில் மூன்று மீட்டருக்கு மேல் எதற்கு?

அந்தக் கேபிள் போய்ச் சேரும் துளையும் முக்கியம். கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' என்றோ கிட்டார் படம் போட்டோ ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அமுக்கினால் உள்ளீட்டின் எதிர்ப்பு பத்து லட்சம் ஓம் அளவுக்கு ஏறும். கிட்டார் பிக்கப்புக்கு அவ்வளவு தேவை. அமுக்காமல் லைன் உள்ளீட்டில் சொருகினால் அங்கே இருப்பது பத்தாயிரம் ஓம் சுற்றுவட்டம். பிக்கப் மூச்சுத் திணறி, மேல் ஸ்வரமெல்லாம் போய், கம்பளி போர்த்திய சத்தம் வரும். "என் கிட்டார் மட்டும் டல்லா இருக்கு சார்" என்று வந்த ஃபைல்களில் பாதி இந்தச் சுவிட்சின் கதை. லெவலைச் சிவப்புவரை ஏற்ற வேண்டியதும் இல்லை. 24 பிட்டில் உச்சம் கழித்தல் 12 டெசிபலைத் தொட்டால் தாராளம்.

இப்போது மறு முனைக்கு வருவோம்.

டிஸ்டார்ஷன் என்பது அலையின் தலையைத் தட்டிச் சமமாக்குவது. தட்டியதும் மேலே மேலே உபஸ்வரங்கள் முளைக்கும், காது கேட்கும் எல்லைவரை. அதை அப்படியே ஹெட்போனில் கேட்டால் தகர டப்பாவில் அடைத்த வண்டு. இதை இசையாக்குவது கிட்டார் ஸ்பீக்கர். பன்னிரண்டு அங்குல காகிதக் கூம்பு 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக இறங்கிவிடும். வீட்டு மியூசிக் சிஸ்டத்துக்கு அது பழுதான ஸ்பீக்கர் என்றுதான் பெயர். கிட்டாருக்கு அந்தப் பழுதே குணம். பழைய ஆட்கள் இதை இன்னும் முரட்டுத்தனமாகப் புரிந்து வைத்திருந்தார்கள். 1958-இல் 'ரம்பிள்' பதிவுக்கு லிங்க் ரே ஸ்பீக்கர் கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964-இல் 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்காக கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சிறிய ஆம்பின் கூம்பை பிளேடால் கிழித்தார். பெடல் சந்தை பெருகுவதற்கு முன்னால் நடந்த காரியங்கள் இவை. விதிவிலக்கும் உண்டு. 1968-இல் பீட்டில்ஸ் 'ரெவல்யூஷன்' பாட்டில் கிட்டாரை ஆம்பே இல்லாமல் நேரே மிக்ஸிங் கன்சோலில் சொருகி, அதன் ப்ரீஆம்பை அளவுக்கு மீறித் தள்ளினார்கள். வண்டுச் சத்தம்தான், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆம்ப் வைத்துப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு நல்ல பன்னிரண்டு அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 100 டெசிபல் வரும். சத்தம் இரட்டிப்பாகத் தோன்ற வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். அதாவது 50 வாட் ஆம்பை வீட்டுக்கு வாங்கி வருவதில் அர்த்தமே இல்லை. என்னிடம் 15 வாட் வால்வ் ஆம்ப் ஒன்று உண்டு. அது தன் சுயரூபத்தைக் காட்டும் அளவுக்குத் திருப்பியதும், மேல்வீட்டு அம்மா படியிறங்கி வந்தார். "தம்பி, நீங்க நல்லாத்தான் வாசிக்கிறீங்க. பாப்பா தூங்கணும்." அன்றிலிருந்து காலை பத்து மணிமுதல் மதியம் ஒரு மணிவரை ஆம்ப், மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். வால்வ் ஆம்பின் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டலாமே என்று யோசிக்காதீர்கள். சுமை இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். அதற்கென்று லோட் பாக்ஸ் இருக்கிறது.

ஆம்ப் நேரத்தில் நான் செய்வது இதுதான். ஆம்பைத் தரையில் வைக்காமல் ஸ்டூல்மேல் ஏற்றுவேன், டைல்ஸ் தரையின் எதிரொலி குறையும். பின்னால் மெத்தையைச் சாய்த்து வைப்பேன். இரும்பு பீரோவின் கைப்பிடிக்குள் துணியைத் திணிப்பேன், ஏதாவது ஒரு ஸ்வரத்துக்கு அதுவும் கூடவே பாடும். மைக், 1965 முதல் உலகமெங்கும் கிட்டார் ஆம்ப் முன்னால் நிற்கும் அதே ஷூர் எஸ்.எம். 57. ஸ்பீக்கரின் நடுத் தொப்பிக்கு நேரே வைத்தால் கூர்மை, கூம்பின் விளிம்புக்கு நகர்த்தினால் மங்கல், தொப்பியும் கூம்பும் சேரும் இடத்தில் பெரும்பாலும் நமக்கு வேண்டியது. ஸ்பீக்கரின் முன்துணியை ஒட்டி வைத்தால் பேஸ் ஏறும். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பேன், பையன் மைக்கை விரற்கடை விரற்கடையாக நகர்த்துவான். "அங்கயே நில்லு" என்பேன். ஓர் அங்குலம் நகர்த்தினால் மாறும் அளவுக்கு ஈக்யூவில் மாற்ற எனக்குத் தெரியாது. இரண்டாவது மைக் வைக்கும் ஆசை வேண்டாம் என்பதே என் கட்சி. இரண்டு மைக்குக்கும் தூரம் கொஞ்சம் மாறினாலும் ஃபேஸ் கெட்டு ஒலி மெலிந்துவிடும்.

மற்ற நேரங்களில் ஆம்பின் சாஃப்ட்வேரும் ஐ.ஆர். எனப்படும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸும். ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன் ஒரு மைக்கும் ஓர் ஒலிக்கு எப்படி எதிர்வினை செய்கின்றன என்பதைப் பிடித்து வைத்த, ஒரு நொடிகூட ஓடாத ஒலிக்கோப்பு அது. நம் கிட்டார் அதன் வழியே போனால் அந்த ஸ்பீக்கர் வழியே வந்ததுபோலாகும். இன்று நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உண்மையான ஆம்பைப் பிரதியெடுத்த மாதிரிகள் அதில் ஓடுகின்றன. எனவே ஆம்ப் இல்லை என்பது இனி ஏழ்மைக்கு அடையாளமாகாது. ஆனால் இங்கேயும் அதே கதை. எந்த ஆம்ப் மாடல் என்று பையன்கள் மணிக்கணக்கில் மாற்றிப் பார்ப்பார்கள். ஐ.ஆர். முதலில் வந்ததே கடைசிவரை இருக்கும். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். ஆம்ப் மாடலைத் தொடாதே, ஸ்பீக்கரை மாற்று. வின்டேஜ் 30-லிருந்து கிரீன்பேக்குக்குப் போனாலே நடு ஒலியின் முகம் மாறிவிடும். திரையில் பெயர் தெரியாதபடி ஜன்னலை மூடிவிட்டு, டிரம்ஸும் பேஸும் ஓட ஓட, காதால் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் தெரிந்தால் காது பொய் சொல்லும்.

ஒருமுறை ஓர் இளம் மிக்ஸ் எஞ்சினியர் கூப்பிட்டார். "அண்ணே, உங்க லீட் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு." கேட்டுப் பார்த்தால், ஸ்பீக்கரோடு நான் அனுப்பிய டிராக்கின்மேல் அவர் இன்னொரு ஆம்ப் ப்ளக்இன் போட்டிருந்தார், அதற்குள்ளும் ஒரு ஸ்பீக்கர். "தம்பி, ரெண்டு ஸ்பீக்கர் ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்திருக்கு. ஒண்ண எறக்கி விடுங்க." சரியாகிவிட்டது. அதனால் இப்போதெல்லாம் முழு ஒலியோடு, எதுவும் சேர்க்காத வெறும் டி.ஐ. டிராக்கையும் சேர்த்தே அனுப்புகிறேன். ஃபைல் பெயரிலேயே எது எது என்று எழுதிவிடுவேன். ரீவெர்ப், டிலே இரண்டையும் டிராக்கில் கரைத்து அனுப்புவதில்லை. அவை மிக்ஸில் போட வேண்டியவை.

கெயின் விஷயத்தில் ஒரு பொதுவான தப்பெண்ணம் இருக்கிறது. அறையில் தனியாக வாசிக்கும்போது டிஸ்டார்ஷன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பிரம்மாண்டம். பதிவில் அது நேரெதிர். கெயின் கூடக்கூட அடியின் முனை மழுங்கி, எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும் மதில் சுவராகிவிடும். கனத்த ஒலி வேண்டுமானால் கெயினைக் குறைத்து இரண்டு தடவை வாசியுங்கள். ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் வையுங்கள். ஒரே டேக்கைக் காப்பி செய்து இரு பக்கமும் வைத்தால் அது நடுவிலேயேதான் நிற்கும். இரண்டு தடவை கை வாசிப்பதில் வரும் நூலிழை வித்தியாசம்தான் அகலம்.

கார்ட்களில் இன்னொரு சிக்கல். டிஸ்டார்ஷனில் இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாக மூன்றாவது நான்காவது ஸ்வரங்கள் பிறக்கும். ஸட்ஜமமும் பஞ்சமமும் என்றால் அவை பொருந்தி நிற்கும், அதனால்தான் ராக் இசை முழுக்கப் பவர் கார்ட். காந்தாரம் சேர்ந்ததும் கலங்கும். ஃப்ரெட்டில் கிடைக்கும் மேஜர் தேர்ட், தம்புராவின் உபஸ்வரத்தில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிட சுமார் 14 சென்ட் கூடுதல். சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. க்ளீன் ஒலியில் மறைந்திருக்கும் இந்தப் பதினான்கு, டிஸ்டார்ஷனில் பல்லிளிக்கும். இசையமைப்பாளர் முழு மேஜர் கார்ட் கேட்டால் ஸ, ப ஒரு டிராக்கிலும், க தனி டிராக்கிலும் வாசித்துவிடுவேன். தனித்தனி ஆம்ப் வழியே போவதால் அவை ஒன்றையொன்று கடிக்காது. பிரையன் மே அடுக்கிய கிட்டார் ஹார்மனிகளும் ஒவ்வொரு குரலாகத் தனியே பதிந்தவைதான்.

கமகம் வாசிக்கும் லீடுக்கு டிஸ்டார்ஷன் ஒரு வரம். கம்பியை இழுத்து ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஊர்ந்து போகும்போது, க்ளீன் கிட்டாரில் வழியிலேயே ஒலி செத்துவிடும். கெயின் அந்த வாலைத் தூக்கிப் பிடிக்கும். இங்கே நாய்ஸ் கேட் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இரைச்சலோடு அசைவின் வாலையும் வெட்டி எறிந்துவிடும். தேவையில்லாத கம்பிகள் அதிர்வது தொந்தரவென்றால், நட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் கட்டும் துணி ஹேர்பேண்டைச் சுற்றிவிடுங்கள். போதும்.

இரவு வேலையில் ஒரு பொறி இருக்கிறது. 1933-இலேயே ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் காட்டினார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குக் கீழ் ஒலியும் மேல் ஒலியும் குறைந்தே கேட்கும். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் மெதுவாக வைத்துக்கொண்டு பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி அழகுபார்த்த கிட்டார், மறுநாள் ஸ்டூடியோவில் சத்தமாகக் கேட்டால் அடியில் கொழகொழவென்றும் மேலே கீச்சென்றும் இருக்கும். இரவில் செய்த ஈக்யூவை இரவில் நம்பக்கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், கிட்டார் தனியாகக் கேட்கப்படுவதற்காகப் பதியப்படுவதில்லை. கிட்டாரின் தாழ்ந்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். அந்தப் பகுதியில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் கிக்கும் தவிலும் டோலக்கும் ஏற்கெனவே இடம்பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டாரை வெட்டிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. சரணத்தில் பாடகர் இருக்கும்போது மேல் நான்கு கம்பிகளில் மட்டும் கார்ட் பிடித்தால் இன்னும் நல்லது. இப்படி அனுப்பிய டிராக்கைக் கேட்டுவிட்டு ஒருவர், "அண்ணே, தனியா கேட்டா வெயிட்டே இல்லையே" என்றார். "பேஸோட போட்டுக் கேளுங்க தம்பி" என்றேன். பிறகு அவர் கூப்பிடவில்லை, படத்தில் அந்த டிராக் அப்படியே இருக்கிறது. நம் ரசிகர்களில் பெரும்பாலோர் பாட்டை முதலில் கேட்பது செல்போனின் குட்டி ஸ்பீக்கரில். அங்கே அடி ஒலி எப்படியும் வராது. நடு ஒலியில் கிட்டாருக்கு ஒரு முகம் இருந்தால் மட்டுமே அது இருப்பதே தெரியும்.

முழு இசைக்குழுவும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பக்கத்தில் பேஸ் கேட்கும், எதிரே வயலின்கள் கேட்கும், அதற்கேற்பக் கை தானாக ஒதுங்கும். கண்டக்டரின் ஒரு பார்வையில் குமிழ் இறங்கிவிடும். வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு அந்தக் கூட்டம் காதில் இல்லை. அதனால்தான் இசையமைப்பாளர்களிடமும் அவர்களுடைய உதவியாளர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். கிட்டாருக்கு ஃபைல் அனுப்பும்போது வெறும் கிளிக்கும் பியானோ கார்டும் அனுப்பாதீர்கள். டிராக் குரலாக இருந்தாலும் பரவாயில்லை, பாட்டுக் குரலோடும் பேஸோடும் தாளத்தோடும், ஜீரோவிலிருந்து தொடங்கி, 48 கிலோஹெர்ட்ஸில், டெம்போவைப் பெயரில் எழுதி அனுப்புங்கள். இரவு பத்து மணிக்கே அனுப்பினாலும் சரி.